பெயருக்காக எவ்வளவு கொடுக்கலாம்?
பொறியியல் சேர்க்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளின் கட்-ஆஃப் 200-க்கு 186, பி.சி. பிரிவு. கவுன்சலிங்கில் கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் போலிருக்கிறது. கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1.75 லட்சம். சென்னைக்கு அருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்புக்கு இடம் வந்திருக்கிறது. அங்கே கட்டணம் 3.5 லட்சம், ஹாஸ்டல் 1.6 லட்சம். கையிருப்பு 6 லட்சம். குடும்ப வருமானமும் ஆண்டுக்கு 6 லட்சம்தான். "புள்ளை படிப்புல போய் கணக்குப் பார்க்காதீங்க, பேர் இருக்கிற இடத்துல சேருங்க" என்கிறார் என் மச்சான். என்ன செய்யட்டும்?
— விசைத்தறி நடத்தும் தந்தை, திருச்செங்கோடு

பதில்: கட்டணம் கூடக் கூடப் பெயரும் கூடும் என்று உங்கள் மச்சான் நினைக்கிறார். தமிழ்நாட்டுப் பொறியியல் படிப்பில் அது பொருந்தாது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., பிறகு பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர் ஆகிய கல்லூரிகளின் அரசு உதவிபெறும் பிரிவுகள்: மாநிலத்தில் எல்லோரும் முதலில் எழுதும் இடங்கள் இவைதான், கட்டணம் குறைவாக இருப்பதும் இங்கேதான். லட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் இதற்கு அடுத்த அடுக்கில் இருக்கின்றன. அந்த அடுக்கில் நல்ல சுயநிதிக் கல்லூரிக்கும் நிகர்நிலைக்கும் படிப்பின் தரத்தில் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அது கட்டணத்தில் இருக்கும் வித்தியாசம் அளவுக்கு இருப்பதில்லை.

இனி உங்கள் கணக்கு. கோவையில் நான்கு ஆண்டுக்கு 7 லட்சம். சென்னையில் 20.4 லட்சம். கையிருப்பு 6 லட்சத்தைக் கழித்தால் கோவைக்கு ஒரு லட்சம்தான் குறைகிறது, ஆண்டு வருமானத்திலிருந்தே சமாளித்துவிடலாம். சென்னைக்கு 14 லட்சத்துக்கு மேல் கடன் வாங்க வேண்டும்.

ஆண்டுக்கு 3.5 லட்சம் வீதம் நான்கு தவணையாக 14 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் தவணைக்கு 5 ஆண்டு, அடுத்தடுத்தவற்றுக்கு 4, 3, 2 ஆண்டு வட்டி. கூட்டினால் 4.9 லட்சம். ஆகக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 18.9 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 25,000 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை 20,300 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் 36.5 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

இந்த 25,000-ஐ எதோடு ஒப்பிடுவது? பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் அடிப்படை நிலையில் சேர்பவர்களின் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 3.5 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பி.எஃப். போகக் கையில் வருவது 25,000 சொச்சம். அந்த வேலைக்குச் சம்பளம் பதவிக்குத்தான், கல்லூரிக்கு இல்லை. திருச்செங்கோட்டுக் கல்லூரியிலிருந்து போனாலும் சென்னை நிகர்நிலையிலிருந்து போனாலும் அதே பதவிக்கு அதே தொகை. உங்கள் மகளின் முதல் சம்பளம் முழுவதும் தவணைக்கே போய்விடும்.

பெயர் எங்கே உதவுகிறது என்றால், ஆண்டுக்கு 8, 10 லட்சத்துக்கு மேல் கொடுக்கும் நிறுவனங்கள் சில வளாகங்களுக்கு மட்டும்தான் வருகின்றன. அந்த நிறுவனங்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வருகின்றனவா, வந்து எத்தனை பேரை எடுக்கின்றன என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரப் பலகையில் இருக்கும் "அதிகபட்சம் 44 லட்சம்" போன்ற எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அது ஒருவருடைய சம்பளம். சராசரியும் ஏமாற்றும், நான்கு பெரிய சம்பளங்கள் நூறு பேரின் சராசரியையே தூக்கிவிடும். சேர்க்கை அலுவலகத்தில் இவற்றைக் கேளுங்கள்: கம்ப்யூட்டர் சயின்ஸில் போன ஆண்டு முடித்தவர்கள் எத்தனை பேர்? வேலைக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்? வேலை பெற்ற *மாணவர்கள்* எத்தனை பேர்? (வேலை *ஆணைகள்* எத்தனை என்று அவர்கள் பதில் சொன்னால் திருப்பிக் கேளுங்கள். ஒரே மாணவருக்கு வந்த மூன்று ஆணையை மூன்றாக எண்ணுவது வழக்கம்.) வரிசையின் நட்டநடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம் என்ன? ஆயிரக்கணக்கில் சேர்க்கும் இடத்தில் உங்கள் மகள் முதல் நூறு பேரில் இருப்பாளா, நடுவில் இருப்பாளா என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் நடுவில் இருப்பவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்த நடுச்சம்பளம் 7 லட்சத்துக்குக் கீழே என்றால் 14 லட்சம் கடன் வேண்டாம்.

கடன் வாங்கியே தீருவது என்றால்: பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்துப் பிணை கேட்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமாக இருந்தால் பிணை தேவையில்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியமும் கேட்கலாம். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது.

கோவைக் கல்லூரியின் 1.75 லட்சத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த கல்விக் கட்டணம், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000, சான்று இல்லாததற்கு 50,000. இந்த ஆண்டுக்கான தொகையைக் கேட்டு, அதற்கு மேல் "பயிற்சிக் கட்டணம்", "மேம்பாட்டுக் கட்டணம்", கட்டாயப் பேருந்து என்று என்னென்ன வருகிறது, நான்கு ஆண்டிலும் அதே அளவுதானா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டில் புதிதாக முளைக்கும் கட்டணம்தான் பல குடும்பங்களைத் தடுமாற வைக்கிறது.

எங்கள் தீர்ப்பு கோவை. சென்னையைவிட 13.4 லட்சம் செலவு மிச்சம், மகளுக்கு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். பெரிய பெயர் வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதலாம். அதில் தேறி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு அந்தப் பெயர் கிடைக்கும்.

கேள்வி: கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் கிடைக்கும் நிலையில் இருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நிச்சயம். கல்லூரியா, பாடமா?
— மாணவர், விழுப்புரம்

பதில்: தம்பி, முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படங்கள், வரைபடங்கள், நில அளவை இவற்றில் துளியாவது ஆர்வம் இருக்கிறதா? இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிண்டி. ஆர்வமே இல்லை, வேலைக்காக மட்டும் என்றாலும் கிண்டிக்கே சற்று கூடுதல் எடை உண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாகங்களுக்கான வேலைவாய்ப்பை ஒரே மையம் ஒழுங்கு செய்கிறது. அங்கே வரும் நிறுவனங்களில் ஒரு பகுதி எல்லாப் பாடப்பிரிவினரையும் தேர்வு எழுத விடுகின்றன. ஆனால் மென்பொருள் துறையில் மேல்தட்டு நிறுவனங்கள் சில கம்ப்யூட்டர், ஐ.டி., இ.சி.இ. மாணவர்களை மட்டுமே அழைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தக் கதவு மூடியிருக்கும்.

செய்யக் கூடாத தவறு: "உள்ளே போய்ப் பாடப்பிரிவு மாற்றிக்கொள்ளலாம்" என்று நம்பிச் சேருவது. அதை நம்பி ஒரு இடத்தையும் எடுக்காதீர்கள். நிரலாக்கத்தை நீங்களாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அந்த ஒழுங்கு தன்னிடம் இல்லை என்று தோன்றினால், அந்தத் தனியார் கல்லூரி நல்ல கல்லூரியாக இருந்தால், கம்ப்யூட்டர் சயின்ஸே மேல்.

கேள்வி: நாங்கள் பார்க்கும் இரண்டு கல்லூரிகளில் ஒன்று என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் நூறுக்குள் இருக்கிறது. இன்னொன்று பட்டியலிலேயே இல்லை. இதை மட்டும் வைத்து முடிவெடுக்கலாமா?
— தாய், நாகர்கோவில்

பதில்: கூடாது. மத்திய அரசு வெளியிடும், 2016-ல் முதல் பட்டியல் வந்த இந்தத் தரவரிசையின் மதிப்பெண் பிரியும் விதத்தைப் பாருங்கள்: கற்பித்தலும் வளங்களும் 30, ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றவர்களின் நிலை 20, எல்லோருக்கும் வாய்ப்பு 10, பொதுமதிப்பு 10. முப்பது மதிப்பெண் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் காப்புரிமைகளுக்கும் போகிறது. அது ஆய்வு மாணவருக்கு முக்கியம். பி.இ. முதலாண்டில் கணித அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை அந்த எண் சொல்லாது. தவிர, கல்லூரி விண்ணப்பித்துத் தரவு கொடுத்தால்தான் பட்டியலில் வரும்.

அதைவிடப் பயனுள்ளவை சில உண்டு. தேசியத் தரச்சான்று வாரியம் கொடுக்கும் என்.பி.ஏ. தரச்சான்று பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. நாக் தரம் கல்லூரி முழுவதற்குமானது. "ஏ பிளஸ் பிளஸ்" என்று வாசலில் எழுதியிருந்தாலும் உங்கள் பிள்ளை சேரும் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று தனியாகப் பாருங்கள். புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுகள் பலவற்றுக்கு அது இருக்காது, ஏனென்றால் மாணவர்கள் படித்து வெளியே வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும்.

தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் தயாரித்துத் தாங்களே திருத்துகின்றன. அவர்கள் சொல்லும் 95 சதவீதத்தையும் இணைப்புக் கல்லூரி ஒன்றின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

ஆசிரியர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2024-ல் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டிருந்தது வெளிவந்து, பெரிய செய்தியானது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய், அந்தத் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர் இரண்டு பேரிடம் காட்டி, இவர்களில் யார் யார் உங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் கேட்டு வராத பதில் கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் வந்துவிடும்.

கேள்வி: மகனுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் கிடைக்கலாம். வருமானம் ஆண்டுக்கு 4.2 லட்சம். கட்டணம் 1.25 லட்சம் என்கிறார்கள். கட்டுப்படியாகாது என்று விட்டுவிடலாமா?
— அரசுப் பேருந்து நடத்துநர், அரியலூர்

பதில்: விட்டுவிடாதீர்கள், ஐயா. 1.25 லட்சம் என்பது கல்விக் கட்டணத்தின் முழுத் தொகை. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்கு மேல் 5 லட்சத்துக்குள் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உங்களுக்கு ஆண்டுக்கு 42,000-ஐ ஒட்டித்தான் வரும். ஒரு லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஹாஸ்டல், மெஸ் தனி. வருமானச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். சேர்க்கை நாளில் அது கையில் இல்லாததால் முழுத் தொகையைக் கட்டிவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு. பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால், முந்தைய ஆண்டுத் தரவரிசையைப் பார்க்கும்போது சொந்த மாநில ஒதுக்கீட்டு வரிசையைப் பாருங்கள்.

கேள்வி: மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தான். கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 78. கட்-ஆஃப் குறைவு, நல்ல கல்லூரி கிடைக்காது, நகையை வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார்.
— விவசாயக் கூலித் தொழிலாளி, திட்டக்குடி

பதில்: அம்மா, நகையை எடுத்து உள்ளே வையுங்கள். கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி: 88, 38, 39. கூட்டினால் உங்கள் மகனின் கட்-ஆஃப் 200-க்கு 165. பொதுத் தரவரிசையில் இது நடுத்தரம்தான். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடங்கள் தனியாக உண்டு, அதற்குத் தரவரிசையும் தனி. அங்கே அவன் அரசுப் பள்ளி மாணவர்களோடு மட்டும்தான் போட்டியிடுகிறான். அதே 165-க்குப் பொதுக் கலந்தாய்வில் கிடைப்பதைவிட நல்ல கல்லூரி கிடைக்க வாய்ப்பு அதிகம். கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். கல்லூரி உங்களிடம் அதற்காகப் பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது. மேலே மாதம் 1,000 ரூபாய் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவன் வங்கிக் கணக்குக்கு வரும், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்த 7.5 சதவீதச் சலுகை போய்விடும். குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தக் கட்டணச் சலுகையும் போய்விடும், அதுவும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

செய்ய வேண்டியது: தலைமை ஆசிரியரிடம் போய் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்றைக் கேளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியின் விவரமும் அதில் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் விண்ணப்பங்கள் சிக்குகின்றன. சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றுதானா என்று பாருங்கள்.

கேள்வி: கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி போடலாம்? எப்படி வரிசைப்படுத்துவது?
— மாணவி, தேனி

பதில்: எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போன ஆண்டு கட்-ஆஃபைப் பார்த்துக் "கிடைக்கக்கூடியதை" மேலே வைப்பதுதான் பெரிய தவறு. கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் தரவரிசைக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். கிடைக்காததை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள். முந்தைய மூன்று ஆண்டு விவரத்தைப் பார்க்கும்போது மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். சதம் அடித்தவர்கள் கூடினால் கட்-ஆஃப் மேலே ஏறிவிடும், தரவரிசை அவ்வளவு ஆடாது. 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவில் இடங்களைக் கூட்டிக்கொள்ள ஏ.ஐ.சி.டி.இ. உச்சவரம்பை நீக்கிவிட்டது. அதனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் விவரத்தை அப்படியே நம்ப முடியாது.

உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் இரண்டு வரியில் வரும். பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம். கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும், குறியீட்டு எண்ணைப் பார்த்தே சேருங்கள்.

இடம் வந்தபின் "ஏற்று, மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்" என்று கொடுத்தால் கலந்தாய்வுச் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்த இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே நிஜமாகவே அதிகம் விரும்புவது மட்டும்தான் மேலே இருக்க வேண்டும். கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பிரவுசிங் சென்டரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரு கல்லூரியில் முன்பணம் 50,000 கட்டி, அசல் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் கொடுத்துவிட்டோம். இப்போது கவுன்சலிங்கில் வேறு நல்ல இடம் வந்திருக்கிறது. பணமும் தர மாட்டோம், சான்றிதழும் தர மாட்டோம் என்கிறார்கள்.
— தந்தை, ஆம்பூர்

பதில்: இரண்டையும் தர வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. அந்தந்த ஆண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) ஏ.ஐ.சி.டி.இ.யும் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தேதி தாண்டினால் வாதம் பலவீனமாகிவிடும், அதனால் இன்றே எழுதுங்கள்.

நேரில் சண்டை போடுவதில் பயனில்லை. "இந்த நாளில் சேர்க்கையிலிருந்து விலகுகிறேன்" என்று மாணவர் பெயரில் கடிதம் எழுதி, பண ரசீதின் நகலை இணைத்து, கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் பதிவு செய்து அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியாக இருந்தால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் ஒரு நகல்.

ரசீது இல்லாமல் "நன்கொடை" என்று வாங்கியிருந்தால் அது 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்ட வசூல். ஆனால் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும்: வங்கிப் பரிமாற்றம், குறுஞ்செய்தி, துண்டுச்சீட்டு எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கினால், சான்றிதழ்களின் நகலையும் நீங்கள் அனுப்பிய புகாரையும் எடுத்துக்கொண்டு அந்தக் கல்லூரி முதல்வரை முந்தின நாளே பாருங்கள். அசல் வர எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.